பாதிப் புட்டி

திறந்த பீர் புட்டியை மறுபடி மூடி, மறுநாளும் அது பீராகவே இருக்கும்படி செய்ய முடியுமா என்ற ஒரே கேள்விக்கு நாங்கள் ஏறத்தாழ எட்டு மாதங்களைச் செலவழித்திருக்கிறோம். இலக்கிய ஆர்வலர்கள் நால்வர் கூடினால் எட்டு மாதத்தில் ஒரு சிற்றிதழைத் தொடங்கி, மூன்று இதழ்கள் கொண்டுவந்து, சண்டை போட்டு மூடியும் இருக்கலாம். சிற்றிதழை மூடுவது சுலபம். புட்டியை மூடுவதுதான் கடினம் என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டோம்.

'நாங்கள்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம். இப்போதைக்குப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மொட்டைமாடி, அதில் ஒரு கீற்றுக்கொட்டகை, சனிக்கிழமை மாலை, நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்றவர்; எங்களுக்குப் புரூஃப் அண்ணன். அடுத்தவர் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவர், ஆகவே வாத்தியார். மூன்றாமவர் வங்கியிலும் நான்காமவர் மின்துறையிலும் இருந்தவர்கள். நால்வரையும் சேர்த்துவைத்தது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. துய்ப்ளெக்ஸின் துபாஷியாக இருந்த பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய அந்தப் பெருங்கடலை வாரத்துக்குச் சில பக்கங்கள் என்ற கணக்கில் உரக்கப் படித்துக் கடந்துகொண்டிருக்கிறோம். படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு பீர். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை என்று சொல்ல எங்களுக்கும் ஆசைதான்.

ஆளுக்கொரு பீர் என்பது கேட்பதற்கு எளிமையான ஏற்பாடு. ஆனால் நம் ஊர்ப் பெரிய புட்டி 650 மில்லி. அதில் எட்டு சதவீத 'ஸ்ட்ராங்' என்றால் ஒரு புட்டிக்குள் 52 மில்லி சாராயச்சத்து இருக்கிறது. முப்பது மில்லி 'ஸ்மால்' விஸ்கி ஒன்றில் இருப்பது 13 மில்லிக்கும் சற்றுக் குறைவு. அதாவது, "பீர்தானே" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் ஒரு புட்டியை முடிக்கும்போது நான்கு ஸ்மால் விஸ்கியை முடித்திருக்கிறார். இந்தக் கணக்கை வாத்தியார் போட்டுக் காட்டிய அன்று மாடியில் சிறிது நேரம் மௌனம் நிலவியது. பிறகு வழக்கம்போல் எல்லோரும் முடித்தோம். ஏனென்றால் புட்டி திறந்தாயிற்று.

திறந்தால் முடித்தாக வேண்டும். இந்தச் சட்டத்தை யார் இயற்றினார்கள் என்று தெரியாது. விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் ஏழைக்கும் பணக்காரருக்கும் பொதுவாக அது நடைமுறையில் இருக்கிறது. அரைத் தட்டுச் சோற்றை மூடிவைக்கலாம். பாதி படித்த நாவலைக் கவிழ்த்துவைக்கலாம். மறுநாள் எடுக்கும்போது அதில் எதுவும் குறைந்திருக்காது. பீரை அப்படிச் செய்ய முடியாது. மறுநாள் காலையில் அது கசப்பான மஞ்சள் தண்ணீராகிவிட்டிருக்கும். "கேஸ் போயிடுச்சு" என்ற இரண்டே சொற்களில் அதன் இரங்கற்குறிப்பை எழுதி முடித்துவிடுவோம்.

ஒரு சனிக்கிழமை புரூஃப் அண்ணன், "எனக்கு இனிமே பாதிதான்" என்றார். சர்க்கரையா, ஈரலா, வீட்டில் ஏதாவதா என்று மூவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். அவர் தலையசைத்து மறுத்தார்.

"ரெண்டாவது பாதி எனக்குப் பிடிக்கறதில்ல தம்பி. ரொம்ப வருஷமாவே பிடிக்கல. மூடி இல்லாததாலதான் குடிச்சுக்கிட்டிருந்தேன்."

சிரித்தோம். வீட்டுக்குப் போன பிறகு சிரிப்பு வரவில்லை. நாற்பது ஆண்டுகளாக மனிதர் ஒருவர் தமக்குப் பிடிக்காத ஒன்றை, அதை மூடிவைக்க வழியில்லை என்ற ஒரே காரணத்துக்காக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த வாரம் கூடியபோது நால்வருமே அதை நினைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அண்ணனுக்கு ஒரு மூடி கண்டுபிடிப்பது என்று தீர்மானித்தோம்.

*

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். கழற்றிய சோடா மூடியையே திரும்ப வைத்து உள்ளங்கையால் ஓங்கித் தட்டினோம். மூடி உட்கார்ந்தது போலிருந்தது. மறுநாள் அண்ணன் தொலைபேசியில் சொன்ன ஒரே சொல்: "சப்பு."

இரண்டாவது வாரம் பாலித்தீன் தாளும் ரப்பர் பேண்டும். ஊறுகாய் ஜாடிக்குச் செய்வதுபோல் மூன்று சுற்று. இரவில் தாள் சிறிய பலூன்போல் உப்பியிருந்ததை அண்ணன் ஆர்வத்தோடு பார்த்திருக்கிறார். காலையில் அது தளர்ந்து தொங்கியது. மூன்றாவது வாரம் மெழுகுவத்தியை உருக்கி வாயை அடைத்தோம். மெழுகில் பாதி உள்ளே விழுந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை.

நான்காவது யோசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுப் பாட்டியின் கணவர் சொல்தா. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர். மீந்த ஷாம்பெய்ன் புட்டியின் கழுத்தில் ஒரு வெள்ளிக் கரண்டியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் மறுநாளும் நுரைக்கும் என்று பாட்டி உறுதியாகச் சொன்னார். பிரான்சில் பலரும் நம்பும் சங்கதிதான் இது. எங்களிடம் எவர்சில்வர் ஸ்பூன்தான் இருந்தது. தோற்றதும் பாட்டி, "வெள்ளின்னு சொன்னேனே" என்று கைகழுவிவிட்டார். பிறகு தேடிப் படித்ததில், 1994-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வேதியியலாளர் ரிச்சர்ட் ஸேர் இதைச் சுவைத்துப் பார்த்தே சோதித்திருக்கிறார் என்று தெரிந்தது. கரண்டியால் ஒரு பயனும் இல்லை என்பது முடிவு. பாட்டியிடம் இதை நாங்கள் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஷாம்பெய்ன் மீந்து பல ஆண்டுகள் ஆகின்றன, நம்பிக்கையாவது மிஞ்சட்டும்.

ஐந்தாவது, வங்கிக்காரரின் மகள் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பம்பு. புட்டியின் வாயில் ரப்பர் மூடியைப் பொருத்தி, மேலேயுள்ள குமிழை அழுத்தி அழுத்தி உள்ளே காற்றை ஏற்ற வேண்டும். பார்க்க மிகவும் விஞ்ஞானபூர்வமாக இருந்தது. நாற்பது தடவை அழுத்தினோம். மறுநாள் திறந்தபோது 'புஸ்ஸ்' என்று பலமான சத்தம். நால்வரும் கைதட்டினோம். ஊற்றினால் நுரையே இல்லை. சத்தம் நாங்கள் ஏற்றிய காற்றின் சத்தம். பீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. (சில மேடைப் பேச்சுகள் நினைவுக்கு வந்தன. யாருடையவை என்று சொல்வதாக இல்லை.)

*

நிற்க. மூடிகளின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தோல்விகளுக்கு நடுவே நாங்கள் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

நாம் சோடா மூடி என்று சொல்லும் பல்வரிசை கொண்ட தகர மூடியை உருவாக்கியவர் அமெரிக்காவில் பால்டிமோரில் வாழ்ந்த வில்லியம் பெய்ன்டர். 1892-ல் காப்புரிமை பெற்றார். ஆரம்பத்தில் அதற்கு 24 பற்கள், இப்போது 21. உள்ளே அன்று தக்கைத் தகடு, இன்று பிளாஸ்டிக் பூச்சு. இயந்திரம் மேலிருந்து அழுத்தும்போது அந்தப் பற்கள் கண்ணாடி உதட்டின் கீழ்ப்பக்கத்தைச் சுற்றிலும் கவ்விக்கொள்கின்றன. ஓப்பனரால் நெம்பும்போது ஒரு பக்கத்துப் பற்கள் விரிந்து, தகடு மடிந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் அது தொப்பிதான், மூடி அல்ல. அது பழுதும் இல்லை, விதியும் இல்லை, வடிவமைப்பு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிவதற்காகவே பிறந்த பொருள் அது. பெய்ன்டரின் நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்த ஒருவருக்கு, 'மக்கள் ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிட்டு மறுபடி வாங்கும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடி' என்ற யோசனை பெய்ன்டரிடமிருந்துதான் கிடைத்தது. அந்த விற்பனையாளரின் பெயர் கிங் ஜில்லெட். சவர பிளேடின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

பெய்ன்டருக்கு முன்னால் வந்த மூடிகள் இவ்வளவு கறாரானவை அல்ல. நியூயார்க்கைச் சேர்ந்த சார்ல்ஸ் டி குவில்ஃபெல்ட் 1875-ல் காப்புரிமை பெற்ற கம்பி மூடியில், அடைப்பான் புட்டியின் கழுத்திலேயே கம்பியால் கட்டப்பட்டிருக்கும். நெம்பினால் திறக்கும், அழுத்தினால் மூடும், எத்தனை முறை வேண்டுமானாலும். ஜெர்மனியின் ஃப்ளென்ஸ்பர்கர், நெதர்லாந்தின் குரோல்ஷ் புட்டிகளில் இந்த வகை மூடியை இன்றும் பார்க்கலாம். குடிப்பவர் நடுவில் நிறுத்தக்கூடும் என்ற சாத்தியத்தை அந்த மூடி மனத்தில் கொண்டிருக்கிறது. அண்ணன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நாகரிகமான சாமான்" என்றார். அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு அது. பிழையில்லாத பக்கத்துக்குத்தான் அப்படிச் சொல்வார்.

மூன்றாவது மூடி நம் வீட்டுப் பிள்ளை. ஆங்கிலேயரான ஹைரம் காட் 1872-ல் காப்புரிமை பெற்ற கோலி புட்டி. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி. வாயின் உட்புறம் ஒரு ரப்பர் வளையம். நிரப்பிக் கவிழ்த்ததும் கோலி வாய்க்கு வருகிறது. உள்ளேயிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை வளையத்தோடு நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. வெளியேறத் துடிப்பதே வாசலையும் அடைத்துக்கொண்டிருக்கும் விசித்திரம். பிறந்த நாட்டில் அது வழக்கொழிந்துவிட்டது. ஜப்பானில் 'ராமுனே' என்ற பெயரிலும் நம்மிடம் கோலி சோடாவாகவும் பிழைத்திருக்கிறது.

இதைப் படித்த மறுநாளே மின்துறைக்காரர் ஒரு காலி கோலி சோடாப் புட்டியோடு வந்தார். பீரை அதற்கு மாற்றி, கவிழ்த்து, குலுக்கினோம். பாதி பீர் எங்கள் வேட்டிகளில் போயிற்று. மீதிப் பாதியின் மேல் கோலி ஒருகணம் நின்றது. நிமிர்த்தியதும் 'ணங்' என்று விழுந்துவிட்டது. சோடாக்காரர் சுழற்றும் இயந்திரத்துக்கும் அவர் ஏற்றும் அழுத்தத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு விலகிக்கொண்டோம்.

*

இத்தனைக்கும் பிறகுதான் வாத்தியார் பேனாவைத் திறந்தார். முதலிலேயே திறந்திருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். ஆனால் எங்கள் தோல்விகளை அவர் உள்ளூர ரசித்துக்கொண்டிருந்தார் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

அவர் சொன்னதன் சாரம் இது. 1803-ல் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி கண்டறிந்த விதிப்படி, திரவத்தில் எவ்வளவு வாயு கரைந்திருக்கும் என்பது, திரவத்துக்கு மேலே அதே வாயு எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 'அதே வாயு' என்பதை அடிக்கோடிட வேண்டும். பம்பு தோற்றதற்குக் காரணம் அதுதான். காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம் அளவுக்கே இருக்கிறது. நாற்பது தடவை அழுத்தி நாங்கள் ஏற்றியது பெரும்பாலும் நைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும். பீருக்குள்ளிருக்கும் கரியமில வாயுவை அந்தக் கூட்டம் தடுத்து நிறுத்தாது.

அடுத்தது கணக்கு. வழக்கமான ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் கரியமில வாயு கரைந்திருக்கிறது. பாதி குடித்துவிட்டு, கம்பி மூடியோ வேறெதுவோ, அணுவளவும் கசியாத ஒரு மூடியைப் போட்டு 4 டிகிரி குளிரில் வைக்கிறோம் என்று கொள்வோம். உள்ளே 325 மில்லி பீர். மேலே 325 மில்லி வெற்றிடம். உண்மையில் அது வெற்றிடமல்ல, காற்று. ஆனால் பீரின் கண்ணுக்கு அது வெற்றிடமே. வாயு திரவத்திலிருந்து வெளியேறி அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே போகும். மேலும் கீழும் சமநிலை வந்தபிறகுதான் நிற்கும். அப்போது பீரில் மிஞ்சியிருப்பது லிட்டருக்கு ஒன்றரை லிட்டர் அளவு வாயு. முக்கால் புட்டி மீந்திருந்தால் இரண்டு. கால் புட்டி மட்டும் மீந்திருந்தால் ஒன்றுக்கும் கீழே. ஊற்றும்போது நுரையாகப் போனது தனி.

"அப்ப மூடியோட தப்பு இல்லியா?" என்றார் வங்கிக்காரர்.

"மூடி வெளியில போறதைத்தான் தடுக்கும். உள்ளயே காலி இடம் இருந்தா அது என்னா பண்ணும்?" என்றார் வாத்தியார்.

கசிவு ஒரு பாதிக் குற்றவாளி. காலியிடம் மறு பாதி. நாங்கள் ஆறு மாதமாக ஒருவரை மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தோம். காலியிடத்தில் இருக்கும் ஆக்ஸிஜனும் சும்மா இருப்பதில்லை. அது பீரை மெல்ல மெல்லக் கெடுக்கிறது. நாட்பட்ட பீரில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வருவது இப்படித்தான். ஒரே இரவில் அது பெரிதாகத் தெரியாது. வெளிச்சத்தின் வேலை இன்னும் வேகமானது. வெயில்பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் சிதைந்து, ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றத்தை ஒத்த ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகிறது. பழுப்புப் புட்டிக்குக் காரணம் அழகல்ல, இதுதான்.

*

இனி, வழி. மிகவும் எளிமையானது என்பதால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பாதியைக் குடித்துவிட்டு மீதியை மூடக் கூடாது. திறந்த உடனே, முதல் வாய்க்கு முன்பே, பாதியைப் பிரித்துவிட வேண்டும். சோடாவோ குளிர்பானமோ வந்த 300 மில்லி பிளாஸ்டிக் புட்டி ஒன்றைத் திருகு மூடியோடு நன்றாகக் கழுவி, அதையும் குளிர்பெட்டியில் வைத்துக் குளிரவைத்திருக்க வேண்டும். பெரிய புட்டி நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். 4 டிகிரியில் பீர் தாங்கும் வாயுவில் பாதிகூட 30 டிகிரியில் அது தாங்காது. சிறிய புட்டியைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் வழிந்து இறங்கும்படி அவசரமில்லாமல் ஊற்ற வேண்டும். வாய்வரை ஊற்ற வேண்டும். கடைசியில் லேசாக ஒரு தட்டு. நுரை எழும்பி, மிச்சமிருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு விளிம்புக்கு வரும். அந்த நுரையின் மேலேயே மூடியைத் திருகிவிட வேண்டும். பிறகு குளிர்பெட்டியின் உள்பக்கத்தில் நிற்கவைக்க வேண்டும். கதவில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் குலுங்கும்.

ஊற்றும்போது கொஞ்சம் வாயு போகத்தான் செய்கிறது. ஆனால் காலியிடம் இல்லாததால் அதற்குமேல் போக வழியில்லை. சோடாப் புட்டிகள் பீரைவிட அதிக வாயுவைத் தாங்கவே செய்யப்பட்டவை என்பதால் வெடித்துவிடும் என்ற பயமும் இல்லை. (சாதாரணக் கண்ணாடி ஜாடிகளில் இதைச் செய்யக் கூடாது, அவை அழுத்தத்துக்கானவை அல்ல. கள்ளை எதிலுமே இறுக்கி மூடக் கூடாது. அது மூடிக்குள்ளும் புளித்துக்கொண்டே வாயுவைப் பெருக்கும்.) சின்னப் புட்டியே வாங்கலாமே என்பீர்கள். கிடைக்கும்போது வாங்கலாம். கடைக்காரரின் குளிர்பெட்டியில் பெரும்பாலும் பெரியதுதான் இருக்கிறது. மில்லிக்கு என்ன விலை என்று பார்த்தாலும் பெரியதுதான் கையை இழுக்கிறது.

மறுநாள் மாலை அண்ணனிடமிருந்து தொலைபேசி வந்தது. மூடியைத் திருகியபோது சன்னமாக ஒரு மூச்சு வந்ததாம். தம்ளரில் இரண்டு விரற்கடை நுரை நின்றதாம். "நேத்து குடிச்சதைவிட இது நல்லாருக்கு. அவசரமில்லாம குடிச்சேன்" என்றார். அவருடைய அறுபத்தெட்டாவது வயதில் முதல்முறையாக ஒரு பீரை இரண்டு நாள் குடித்திருக்கிறார்.

*

கட்டுரை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் இதை 'நாங்கள்' என்று எழுதியிருக்கமாட்டோம். யாராவது ஒருவர் 'நான்' என்று எழுதிப் பெருமையை எடுத்துக்கொண்டிருப்பார்.

அண்ணனின் முறையை நால்வருமே பின்பற்றத் தொடங்கியிருந்தோம். ஆளுக்கொரு சோடாப் புட்டி. பாதியைப் பிரித்து வீட்டுக்கு எடுத்துச்செல்வது. குடி பாதியாகக் குறைந்துவிட்டது என்று நம்பினோம். வீடுகளிலும் நல்ல பெயர் கிடைத்தது. மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு பத்தி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால், எங்களில் ஒருவர் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அந்தப் பாதி ஒருநாளும் மறுநாளைப் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய் அதைக் குளிர்பெட்டியில் வைப்பார். பதினொரு மணிக்கு எழுந்துபோவார். குளிர்பெட்டியின் விளக்கில் நின்றபடியே குடிப்பார். சில வாரங்களில் அது போதாமல், பாதிகளைச் சேர்த்துவைக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு, தினமும் ஒரு பெரிய புட்டி வாங்கத் தொடங்கியிருக்கிறார். சோடாப் புட்டியில் இருப்பதால் யாரும் எண்ணவில்லை. மூடி அவருக்கு மறைப்பாகிவிட்டது.

யாரும் ஒன்றும் பேசவில்லை. வாத்தியார் எதையோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். நாங்கள் எட்டு மாதமாக வாயு எங்கே போகிறது என்று துப்பறிந்துகொண்டிருந்தோம். எதிரில் உட்கார்ந்திருந்தவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பது தெரியவில்லை. பாதியில் நிறுத்துவது எல்லோருக்கும் ஒரேவகையான காரியம் என்று நினைத்துவிட்டோம். அண்ணனுக்கு மூடி மட்டும்தான் இல்லாமலிருந்தது. இவருக்கு இல்லாதது மூடியல்ல. அவருக்கு எங்கள் கண்டுபிடிப்பு உதவவில்லை என்பது மட்டுமல்ல, கெடுதலும் செய்தது. இதை எழுதாமல் முறையை மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது என்று நால்வருக்கும் பட்டது.

அவர் மருத்துவரைப் பார்த்தார். சில வாரங்கள் உள்நோயாளியாகவும் இருந்தார். குடியில் ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னதை அங்கேயிருந்த சுவரொட்டியில் படித்ததாக வந்து சொன்னார். இப்போது முழுக்க நிறுத்திவிட்டார். திரும்பி வந்ததும் அவர் முதலில் கேட்டது, "சனிக்கிழமை நான் வரலாமா?" அப்படி அவர் கேட்க நேர்ந்ததே எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அவர் வருவது புத்தகத்துக்கா புட்டிக்கா என்பதில் அவருக்கே சந்தேகம் வரும்படி நாங்கள் நடந்திருக்கிறோம்.

ஐந்து மாதம் மாடியில் எதுவும் திறக்கவில்லை. பிறகு அவரேதான், "எனக்காக விரதம் இருக்காதீங்கண்ணே, அது இன்னும் கஷ்டமா இருக்கு" என்றார். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் புட்டி வருகிறது. மீதிச் சனிக்கிழமைகளில் டீ. புட்டி வரும் நாளில் அவருக்குப் பன்னீர் சோடா. கட்டைவிரலால் கோலியை அழுத்தும்போது வரும் சத்தத்துக்கு மற்றவர்கள் படிப்பதை நிறுத்திக் காத்திருப்போம். பீர் புட்டியிலிருந்து பிரித்த பாதிகளை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. மாடியின் கீழே, கொட்டகைக்காரர் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே இருக்கும். மறுநாள் மாலை வந்து உட்கார்ந்து குடிப்பவர் குடிக்கலாம்.

கொஞ்சமாக இருக்கும் கள் யாருக்கு, நிறைய இருந்தால் அதை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்ற கேள்வி அதியமானை இழந்த ஔவைக்கும் இருந்தது. புறநானூற்றின் 235-ஆம் பாட்டைக் கல்லூரியில் படித்தபோது கள்ளைத்தான் கவனித்தோம். அது இல்லாமற்போன நண்பரைப் பற்றிய பாட்டு என்பது இந்த வயதில்தான் உறைக்கிறது. எங்கள் நண்பர் போய்விடவில்லை. சனிக்கிழமைதோறும் வருகிறார், பழைய எழுத்தின் சந்திகளை எங்களைவிடத் தெளிவாகப் பிரித்துப் படிக்கிறார்.

இதை எழுதலாமா என்று அவரிடம்தான் முதலில் கேட்டோம். "எழுதுங்க. ஆனா 'நாங்கள்'னே எழுதுங்க. நாலு பேர்ல யாரா வேணா இருக்கட்டும்" என்றார். சிறிது யோசித்துவிட்டு, "யாரா வேணா இருந்திருக்கலாம்ல?" என்றார். மற்ற மூவரும் மறுக்கவில்லை. ஆகவே வாசகர்கள் ஊகிக்க முயல வேண்டாம்.

பிள்ளையின் நாட்குறிப்பில் இன்னும் பல ஆண்டுகள் பாக்கியிருக்கின்றன. படித்து நிறுத்திய இடத்தில் அடையாளத்துக்குப் புரூஃப் அண்ணன் வைப்பது ஒரு சோடா மூடி. அம்மிக் குழவியால் தட்டித் தட்டி, இருபத்தொரு பற்களும் தாளோடு படியும்படி அவர் அதைத் தட்டையாக்கி வைத்திருக்கிறார்.